கோணல் என்ற சொல்லுக்கான விண்ணப்பம்

நாலாம் எண் கட்டடம் கோணலாகிவிட்டது என்பதை முதலில் கண்டுகொண்டது அதன் லிஃப்ட்தான். அது மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் நின்றது. அதன் பிறகு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

அந்த வரிசையிலுள்ள எல்லா அரசுக் குடியிருப்புகளுக்கும் ஒரே மெக்கானிக். அவன் மோட்டாரைப் பார்த்தான், கம்பிவடத்தைப் பார்த்தான். குறை ஒன்றும் இல்லை. கடைசியில் உச்சியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் தூக்குக்குண்டை இறக்கினான். குண்டு அடியில் வந்து நின்ற இடத்துக்கும் நிற்க வேண்டிய இடத்துக்கும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தூரம் இருந்தது. நூல் எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூன்று தடவை அளந்தான். மூன்று தடவையும் முப்பத்தெட்டு.

லிஃப்ட் பதிவேட்டில் எழுதினான்: ‘லிஃப்டில் பழுது இல்லை. கட்டடம் கோணல்.’

பிறகு நாலாம் மாடிக்குப் படியேறிப் போய், அங்கே குடியிருந்த தன் அக்காவிடம் சொன்னான்.

“அதை நான் போன வாரமே சொன்னேனே,” என்றாள் அக்கா. “பிரேக் போடலேன்னா நாற்காலி தானா கிழக்குச் சுவருக்குப் போகுதுன்னு. நீதான் சக்கரத்துக்கு எண்ணெய் ஜாஸ்தின்னே.”

அக்கா உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலி. ஐந்து வருடத்துக்கு முன்பு முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அதில்தான் இருந்தாள். அதனால் ஒன்றும் நின்றுபோகவில்லை. காலையில் லிஃப்டில் இறங்குவாள், இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குத் தானே உருட்டிக்கொண்டு போவாள், அங்கே தொலைபேசி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து மற்றவர்களை மற்றவர்களோடு இணைப்பாள். சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு, காய்கறிக்காரரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு ஏறி வருவாள்.

லிஃப்ட் நின்ற பிறகு அவளை இரண்டு முறை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். இரண்டாவது முறை பக்கத்து வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறதுன்னா இனிமே நான் வரலை,” என்றாள் அக்கா. “தரைத்தளத்துல வேற வீடு கேளு. சட்டத்துல இருக்கு.”

சட்டத்தில் இருந்தது. வீடு வசிக்கத் தகாததாகிவிட்டால் வேறு வீடு தர வேண்டும். மெக்கானிக் குடியிருப்புத் துறைக்குப் போனான்.

படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ஒரு சிறிய கட்டம் இருந்தது.

“ஒரே சொல்லு,” என்றார் அங்கிருந்த அலுவலர். “அதுவும் பட்டியல்ல இருக்கற சொல்லா இருக்கணும்.”

பட்டியல் சுவரில் மாட்டியிருந்தது. விரிசல், ஒழுக்கு, கறையான், தீ, வெள்ளம், மரணம்.

“மரணம் எதுக்கு சார்?”

“குடியிருந்தவர் செத்துட்டா வேற வீட்டுக்கு மாறிக்கலாம்.”

மெக்கானிக் கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்தான். “சாய்வுன்னு போடலாமா?”

“சாய்வு நாற்காலிக்கு மட்டும்தான் அனுமதி.”

“சரிவு?”

“மலைக்கு.”

“கோணல்?”

அலுவலர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். “கோணல் இன்னும் எதுக்குமே குடுக்கலை. வேணும்னா சொல் வரையறை வாரியத்துல விண்ணப்பம் போடுங்க. அவங்க அட்டை குடுத்தா நாங்க பட்டியல்ல சேர்த்துக்கறோம்.”

அக்கா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். வீடு அவள் பெயரில் இருந்ததால் மனுதாரர் அவள்தான். மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனான்.

வாரியத்தின் வாசல் கதவு சிவப்பாக இருந்தது. கதவில் ‘இந்தக் கதவு சிவப்பு’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு கடிகாரத்தின் கீழே ‘இந்தக் கடிகாரம் ஓடுகிறது’ என்று எழுதியிருந்தது. கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு ஊழியர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விரலால் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட எழுத்தர் நல்ல மனிதர். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவரே விளக்கினார்.

“ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை. அட்டையில பொருள் ஒண்ணு, உதாரண வாக்கியம் ரெண்டு. உதாரணம் உண்மையா இருக்கணும். அதான் மத்த அகராதிக்கும் எங்களுக்கும் வித்தியாசம். ஆனா சமயத்துல முதல்ல அச்சாயிடும். அப்புறம்தான் உண்மையில்லைன்னு தெரியும்.”

“அப்போ வாக்கியத்தை மாத்திடுவீங்களா?”

“அச்சானதை எப்படி மாத்தறது? கதவு முன்னாடி பச்சை. பெயின்ட் அடிச்சோம். கடிகாரம் நின்னுபோச்சு. ஆள் போட்டோம்.” குரலைத் தாழ்த்தினார். “எனக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான். ‘எழுத்தர் மணமானவர்’னு அச்சாயிடுச்சு. அப்போ எனக்கு ஆகலை. பதினஞ்சு நாள் டைம் குடுத்தாங்க.”

“பதினஞ்சு நாள்ல பொண்ணு?”

“அச்சுப் பிரிவுல இருந்தா. தப்பு அவங்க பக்கம்தானே.”

“சந்தோஷமா இருக்கீங்களா சார்?”

“அதைப் பத்தி வாக்கியத்துல ஒண்ணும் இல்லை,” என்று சொல்லிவிட்டு எழுத்தர் விண்ணப்பத்தில் முத்திரை குத்தினார்.

முதலில் பொருள் அதிகாரி. அவர் மேசை காலியாக இருந்தது. அவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“கோணல்னா என்ன?”

மெக்கானிக் உள்ளங்கையை நிறுத்திப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினான்.

“கையை இறக்குங்க. சைகைக்குத் தனி வாரியம். வாயால சொல்லுங்க.”

“நேரா இல்லாதது சார்.”

“நேர்னா?”

மெக்கானிக் யோசித்தான். அதிகாரி அவனுக்கு உதவி செய்தார். இழுப்பறையிலிருந்து ஓரம் பழுத்த காகிதம் ஒன்றை எடுத்துப் படித்தார். “‘நேர்: கோணல் அற்றது.’ இது எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. கோணலுக்கு இன்னும் பொருள் முடிவாகலை. அதனால நேரும் அந்தரத்துல நிக்குது. இருபத்திரண்டு வருஷமா.”

“தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன் சார். முப்பத்தெட்டு சென்டிமீட்டர்...”

“எண்ணெல்லாம் இங்க வேண்டாம். நாங்க சொல்லைத்தான் அளக்கறோம்.” அவர் முன்னால் குனிந்தார். “தம்பி, உங்க வகிடு கோணல்னு சொன்னீங்கன்னா நான் இப்பவே ஒத்துக்கறேன். சிரிப்பு கோணலா இருக்கலாம். கையெழுத்து இருக்கலாம். புத்தி இருக்கலாம். இதெல்லாம் தனியார் சொத்து. பொதுக் கட்டடத்துக்கு ஒரு அந்தஸ்து இருக்கு. அது கோணலாகணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கிட்டுத்தான் ஆகணும்.”

“அது கேக்காம ஆயிடுச்சு சார்.”

“அதான் பிரச்சனை,” என்றார் பொருள் அதிகாரி வருத்தத்தோடு.

மூன்று மாதம் கழித்துக் கோப்பு உதாரணப் பிரிவுக்குப் போனது. ‘நாலாம் எண் கட்டடம் கோணலாக இருக்கிறது’ என்பது உண்மையா என்று பார்க்க உதாரண அதிகாரி நாலு பேரோடு வந்தார். ஐந்து பேரும் படியேறினார்கள். ஏறும்போது ஐந்து பேருடைய தோளும் சுவரில் உரசிக்கொண்டே வந்தது. ‘மாடிப்படி குறுகல்’ என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

அக்கா அவர்களை வரவேற்றாள். பேச்சோடு பேச்சாக பிரேக்கை எடுத்துவிட்டாள். நாற்காலி அவளோடு கிளம்பி, அறையைக் கடந்து, கிழக்குச் சுவரில் போய் மெதுவாக முட்டியது.

“பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேன்,” என்றார் உதாரண அதிகாரி. “நாற்காலி எந்தக் கம்பெனி?”

மெக்கானிக் தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான். குமிழி ஒரு ஓரத்துக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதிகாரி மண்டியிட்டுப் பார்த்தார். “இதுக்கு உள்ள காத்து புகுந்திருக்கு,” என்றார். இன்னொருவர் ‘கருவியில் காற்று’ என்று எழுதிக்கொண்டார்.

பிறகு மெக்கானிக் டம்ளர் நிறைய தேநீர் ஊற்றி அவர்கள் முன்னால் வைத்தான். டம்ளரில் ஒரு பக்கம் தேநீர் விளிம்பைத் தாண்டி மேசையில் ஒழுகியது. மறுபக்கம் விளிம்புக்குக் கீழே ஈரம் படாத ஒரு பட்டை தெரிந்தது. ஐந்து பேரும் அதை ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“தேநீர் கோணலா இருக்கே,” என்றார் உதாரண அதிகாரி. அந்தச் சொல்லை அவர் அலுவல் நேரத்தில் சொன்னது அதுவே முதல் தடவை.

“ஐயா,” என்றாள் அக்கா, “இந்த வீட்டுல அது ஒண்ணுதான் நேரா இருக்கு.”

அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. கட்டடத்தில் குறிப்பிடும்படி எதுவும் காணப்படவில்லை. குடியிருப்பவரின் நாற்காலிக்குக் கிழக்குத் திசையில் ஆர்வம் இருக்கிறது. பரிமாறப்பட்ட தேநீர் ஒழுங்கற்று இருந்தது. தேநீர் தயாரித்தவர் எச்சரிக்கப்பட வேண்டும்.

மெக்கானிக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

“இப்படியே விட்டுடலாம்க்கா,” என்றான் அவன். “நான் வேற வழி பார்க்கறேன். லிஃப்ட் கம்பெனிக்கு எழுதறேன்.”

“டேய், ஏழு மாசமா நான் தெருவை ஜன்னல் வழியாப் பார்த்துட்டிருக்கேன்,” என்றாள் அக்கா. “என் இடத்துல வேற ஒருத்தி உக்காந்து போன் எடுக்கறா. நேத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா ‘யார் பேசறீங்க’ன்னு கேக்கறா. என்கிட்ட! எனக்கு இப்போ வீடு மட்டும் போதாது. அவங்களும் வேணும்.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். விசாரணைக்குப் போயிட்டு வா.”

விசாரணை வாரியத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. மேடையில் வாரியத் தலைவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் உயர் அலுவலர்கள். மனுதாரர் பெயர் கூப்பிடப்பட்டது. அவள் நாலாம் மாடியிலிருந்து இறங்க முடியாததால் வரவில்லை என்று மெக்கானிக் எழுந்து சொன்னான். இறங்க முடியாததற்கான காரணம் பட்டியலில் இல்லை. ஆகவே, ‘மனுதாரர் காரணமின்றி வரவில்லை’ என்று பதிவு செய்யப்பட்டது.

தலைவர் எழுந்தார். அவருக்குப் பேச்சு நன்றாக வரும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவரும் சொல்வார்.

“பெரியோர்களே! இருபத்தாறு ஆண்டுகளாக இந்த வாரியத்தைக் கட்டிக் காத்து வருகிறேன். ஒரு சொல்லைக்கூட நான் அவசரப்பட்டு வெளியே விட்டதில்லை. ஒரே ஒரு முறை ஏமாந்தேன். ‘ஒழுக்கு’ என்ற சொல்லைக் கொடுத்தோம். என்ன ஆயிற்று? அந்த ஆண்டே மூவாயிரம் கூரைகள் ஒழுகின. அதற்கு முந்தைய நாள் வரை இந்த நாட்டில் ஒரு கூரையும் ஒழுகியதாகப் பதிவு இல்லை!”

கைதட்டல்.

“இப்போது கோணலைக் கேட்கிறார்கள். கொடுத்தால் முதலில் கட்டடத்தைப் பார்ப்பார்கள். பிறகு அந்தக் கட்டடத்தைக் கட்டியது யார் என்று பார்ப்பார்கள். கட்டியது என் மைத்துனர் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. அவர் மென்மையான மனிதர். அந்தச் சொல் அவர் மனதைப் புண்படுத்தும். ஒரு தனிமனிதருக்காக ஒரு சொல்லை மறுப்பது சரியா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தனிமனுஷிக்காக ஒரு சொல்லைக் கொடுப்பது மட்டும் சரியா என்று நான் திருப்பிக் கேட்கிறேன்!”

மறுபடியும் கைதட்டல். உதாரண அதிகாரி எழுந்து நின்று தட்டினார்.

“எனவே கோணல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆய்வில் வைக்கப்படுகிறது. மனுதாரரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதை யாரும் வெளியே எடுக்கக் கூடாது. மனுதாரரின் உரிமையை நாம் மதிக்கிறோம். அது மட்டுமல்ல. மக்கள் மனதில் குழப்பம் கூடாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தரத்தில் நிற்கும் ‘நேர்’ என்ற சொல்லுக்கு இன்றே, இங்கேயே அட்டை தருகிறோம். பொருள் எல்லாருக்கும் தெரிந்ததே. உதாரணம்?”

உதாரண அதிகாரி தயாராக இருந்தார். “‘நாலாம் எண் கட்டடம் நேராக நிற்கிறது.’”

“அருமை. இரண்டாவது?”

இரண்டாவது உதாரணத்தில் மனிதர்கள் வர வேண்டும் என்பது விதி. உதாரண அதிகாரி அதை யோசித்து வைத்திருக்கவில்லை. தலைவர் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் வாக்கியம் தானாக வந்தது.

“‘வாரியத் தலைவரும் உயர் அலுவலர்களும் அதில் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள்.’”

கூடம் அதிர்ந்தது. அதை யாரும் வாக்கியமாகக் கேட்கவில்லை. பாராட்டாகக் கேட்டார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு உதாரணங்களும் உண்மை என்று கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் அச்சாகி அட்டை எல்லாத் துறைகளுக்கும் போய்விட்டது. மெக்கானிக்குக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

அவன் அதை அக்காவிடம் நீட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் கிழக்கே நகர்ந்தான்.

அக்கா அட்டையைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மூன்றாவது தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னக்கா?”

“அவங்க விதிப் புத்தகம் ஒண்ணு கொண்டு வந்தியே, அதை எடு.”

ஏழு மாதத்தில் அந்தப் புத்தகத்தை அவள் நாலு முறை படித்திருந்தாள். வேறு போக்கிடம் இல்லை. முப்பத்தொன்றாம் விதியை எடுத்துக் காட்டினாள். ‘அச்சான உதாரணம் உண்மைக்கு மாறாக இருப்பதாகக் குடிமக்கள் யாரேனும் புகார் செய்தால், பதினைந்து நாட்களுக்குள் உண்மை திருத்தப்படும்.’

மெக்கானிக் அட்டையைப் பார்த்தான். விதியைப் பார்த்தான். சிவப்புக் கதவு நினைவுக்கு வந்தது. எழுத்தரின் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

“ஐயோ,” என்றான்.

“காகிதம் எடு.”

“அக்கா, கட்டடம் விழுந்து வெச்சுதுன்னா? மனுஷங்கக்கா.”

“நீதானே வாரா வாரம் அளக்கறே? ஏழு மாசமா ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துதா?”

“இல்லை.”

“விழாதுடா. விழறதா இருந்தா நான் இதை எழுத மாட்டேன். அதுக்குள்ள குடியிருக்கறது மட்டும்தான் கஷ்டம். நான் இருக்கலையா?”

புகார் இரண்டு வரிதான். ‘நேர் என்ற சொல்லின் இரண்டாம் உதாரணம் உண்மையல்ல. மேற்படி கட்டடத்தில் நான் குடியிருக்கிறேன். தலைவரை இதுவரை மாடிப்படியில்கூடப் பார்த்ததில்லை.’

எழுத்தர் புகாரைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெக்கானிக்கின் கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினார்.

“எட்டு வருஷமா இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன்,” என்றார். வழக்கமாக ஒரு முத்திரை குத்துவார். அன்றைக்கு ஏழு குத்தினார்.

வாரியம் பதின்மூன்று நாள் யோசித்தது. வாக்கியத்தைத் திரும்பப் பெறலாம் என்று பொருள் அதிகாரி சொன்னார். அப்படிச் செய்தால் தலைவர் பொய்க்குக் கையெழுத்துப் போட்டார் என்று ஆகும். பொய் உதாரணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவரைப் பதவி நீக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியவர் தலைவர்தான். எழுதிய அன்றும் கைதட்டியிருந்தார்கள். ‘குடியிருக்கிறார்கள்’ என்பதற்கு ‘குடியிருக்க விரும்புகிறார்கள்’ என்று பொருள் சொல்லலாமா என்று பார்த்தார்கள். அந்தச் சொல்லின் அட்டையை எடுத்துப் படித்தார்கள். அது கச்சிதமாக எழுதப்பட்ட அட்டை. படுக்கை, அடுப்பு, செருப்பு வைக்கும் இடம் வரைக்கும் அதில் இருந்தது.

பதினைந்தாம் நாள் லாரிகள் வந்தன. குடியிருப்புத் துறை வீட்டுக்கு வீடு மாற்றிக் கொடுத்தது. நாலாம் எண் கட்டடத்திலிருந்த பத்தொன்பது குடும்பங்களும் உயர் அலுவலர் குடியிருப்புக்குப் போயின. அலுவலர்கள் இங்கே வந்தார்கள். எழுத்தருக்கும் மற்ற ஊழியர்களுக்கும் வாக்கியத்தில் இடம் இல்லாததால் அவர்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

அக்காவுக்குக் கிடைத்தது தலைவரின் வீடு. தரைத்தளம். வாசலில் படி கிடையாது. கார் ஏறுவதற்காகப் போட்ட வழவழப்பான சிமென்ட் பாதை தெரு வரை போனது.

அன்றைக்கு மட்டும் மூட்டை மாதிரி தூக்கிப் போவதற்கு அவள் சம்மதித்தாள். நாலு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது தலைவர் ஒரு மேசைவிளக்கோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அவருடைய தோள் சுவரில் உரசிக்கொண்டிருந்தது.

“எந்த மாடி சார்?” என்றாள் அக்கா.

“நாலு.”

“நல்ல இடம். காத்து பிச்சுக்கிட்டு வரும். கட்டிலைக் கிழக்குச் சுவர் ஓரமா போட்டுக்கங்க சார். எங்க போட்டாலும் அங்கதான் வரும்.”

தலைவர் விளக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

வாக்கியத்தில் ‘நிம்மதியாக’ என்று ஒரு சொல் இருந்ததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்தர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு படிவத்தோடு கதவு கதவாகத் தட்டினார்.

“நிம்மதியா இருக்கீங்களா சார்?”

“இருக்கேன்யா.”

“முகத்துல தெரியலையே. கொஞ்சம் காட்டுங்க. எழுதணும்.”

தலைவர் காட்டுவார். எழுத்தர் அதைத் தள்ளி நின்றும் கிட்டே வந்தும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவார். அவர் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்ததை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை.

இரண்டாம் வாரத்தில் தலைவரின் மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மனைவியைப் பற்றி வாக்கியத்தில் எதுவும் இல்லாததால் அவரைத் தடுக்க முடியவில்லை. மூன்றாம் வாரத்தில் பொருள் அதிகாரி, தன் கையிலிருந்து விழுந்த மாத்திரையைத் துரத்திக்கொண்டு போய்ச் சுவரில் நெற்றியை இடித்துக்கொண்டார். உதாரண அதிகாரி தன்னைக் கட்டிலோடு கயிற்றால் கட்டிக்கொண்டு தூங்கினார். ஒரு மாதம் போனதும் வாரியத்தில் வேறு ஒன்றைக் கவனித்தார்கள். உயர் அலுவலர்கள் எல்லாரும், சமதளத்தில் நடக்கும்போதும், ஒரே பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். தாழ்வாரத்தில் அவர்கள் வரிசையாக வந்தால் காற்றடித்த செடிகள் மாதிரி இருந்தது.

வேறு வீடு கேட்டு விண்ணப்பம் போட்டுப் பார்த்தார்கள். சிறிய கட்டத்தில் ஒரே சொல் எழுத வேண்டியிருந்தது. பட்டியலில் இருந்தவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒருவர் மரணத்தை எழுதிவிட்டுப் பிறகு அடித்திருந்தார்.

மூன்றாம் மாதம் வாரியம் அவசரமாகக் கூடியது. இருபத்திரண்டு வருடம் முடியாத கோணலின் பொருள் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. அட்டையை வெளியே எடுக்க மனுதாரரின் ஒப்புதல் மட்டும் பாக்கி.

ஆள் அனுப்பினால் வேலை ஆகாது என்று தலைவரே வந்தார்.

காலை ஏழு மணி. அக்கா சீருடை போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய இடத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மெக்கானிக் கதவின் கீல் ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

தலைவர் கதவு நிலைக்குப் பக்கத்தில் நின்றார். அது அவருடைய பழைய கதவு. இடது தோள் கீழே இருந்தது, வலது தோள் மேலே. தலை அதைச் சரிக்கட்டுவதற்காக மறுபக்கம் போயிருந்தது. கையிலிருந்த காகிதமும் அதே சாய்வில் இருந்தது.

“அம்மா, ஒரு கையெழுத்து.”

அக்கா வாங்கி வாய்விட்டுப் படித்தாள். “‘கோணல்: நிமிர்ந்து நிற்க வேண்டிய ஒன்று ஒரு பக்கம் சரிந்து, தன்னுள் இருப்பவரை உட்காரவும் விடாமல், உறங்கவும் விடாமல், வெளியேறவும் விடாமல் வைத்திருக்கும் நிலை.’ நல்லா இருக்கு சார். அனுபவிச்சு எழுதியிருக்கீங்க.”

“நானேதான் எழுதினேன்,” என்றார் தலைவர்.

“உதாரணம் எங்க?”

“நாலாம் எண் கட்டடத்தையே...”

“அது நேரா நிக்குதுன்னு அச்சாயிடுச்சே சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. வேற ஏதாவது வேணும்.”

தலைவர் தெருவைப் பார்த்தார். தெருவில் விளக்குக் கம்பங்கள் இருந்தன, மரங்கள் இருந்தன, எதிர்வீட்டு மதில் இருந்தது. எல்லாம் ஒழுங்காக நின்றன. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“என்னைப் போட்டுக்கங்கம்மா.”

“புரியலையே.”

“‘வாரியத் தலைவர் கோணலாக நிற்கிறார்.’ உண்மைதானே? யார் வேணா வந்து பார்த்துக்கட்டும். மனுஷனும் வந்தாச்சு. ரெண்டாவது உதாரணம்கூட வேண்டியதில்லை.”

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். “அக்கா, பாவம். போட்டுடுக்கா,” என்றான் மெல்ல.

அக்கா தலைவரைக் காலிலிருந்து தலை வரை பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

“எனக்கு அப்படித் தெரியலையே சார்,” என்றாள். “நல்லா நேராத்தான் நிக்கிறீங்க. வழி விடுங்க, எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு.”

தலைவர் விலகினார். எந்தப் பக்கம் விலகுவது என்பதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.